தையல்காரியின் கட்டைவிரல்

ஜனவரி 6

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். நீ சுகமா? அத்தானுக்கு இடுப்பு வலி தேவலையா? முடிவெட்டும் கடையில் நாள் முழுக்க நிற்கிறாயே, கால் வீங்காமல் இருக்கிறதா?

விஷயத்துக்கு வருகிறேன். வேலையை விட்டுவிட்டேன். பதினாறு வருடம் காப்பீட்டு அலுவலகத்தில் உட்கார்ந்து, "தங்கள் விண்ணப்பத்தை வருத்தத்துடன் நிராகரிக்கிறோம்" என்று தட்டச்சு செய்த கையை அங்கேயே கழுவிவிட்டு வந்தேன். மேலாளர், "எழுதி யாரும்மா பொழைச்சிருக்காங்க? ஒரு பேரு சொல்லு பாக்கலாம்" என்றார். சொன்னேன். "அவர் செத்துப் போயிட்டாரேம்மா" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ராஜினாமாக் கடிதத்தில் ஒரு பிழைகூட இல்லை, அந்தத் தெம்பு.

மாடியில் ஓர் அறை எடுத்திருக்கிறேன். ஒரு ஜன்னல், ஒரு மேசை, மூலையில் சொட்டுகிற குழாய், எதிரே டயர் கடை. மேசையை ஜன்னலோரம் இழுத்துப் போட்டுக் கதவைச் சாத்தி உட்கார்ந்ததும் பயமும் சந்தோஷமும் ஒன்றாக வந்தன. ஏழு வயதிலிருந்து ஆசைப்பட்டது, அக்கா. நீ மட்டும், "விட்டுத் தொலை, எழுது. பட்டினி கிடந்தா எங்கிட்ட வா" என்று சொல்லியிருக்காவிட்டால் இன்னும் நிராகரித்துக்கொண்டே இருந்திருப்பேன்.

ஒரு விளம்பர நிறுவனத்தில் எழுதித் தர ஆள் கேட்டார்கள். மாதச் சம்பளம் கிடையாது, எழுத எழுதக் கூலி. பகலில் பாதி அவர்களுக்கு, மீதி என் நாவலுக்கு. ஃபோன் செய்யாதே, எழுது. ஃபோனில் நீ யார் தலையையாவது பிடித்துக்கொண்டுதான் பேசுகிறாய்.

வழி பார்த்துக் கண் பூத்துப்போகுமுன் பதில் போடு.

தங்கை


ஜனவரி 20

என் அருமைக் கிறுக்கிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். உன் அத்தானின் இடுப்பு வேன் ஓட்டும்போது மட்டும் வலிக்கிறது, டிவி பார்க்கும்போது வலிப்பதில்லை.

உன் கடிதத்தைக் கடையில் வைத்துப் படித்தேன். தலையில் சாயத்தோடு உட்கார்ந்திருந்த ஒருத்திக்கும் படித்துக் காட்டினேன். "உங்க தங்கச்சிக்கு தைரியம் ஜாஸ்திதான்" என்றாள். கரப்பான்பூச்சியைப் பார்த்து அலறி என் முதுகில் ஏறினவள் நீ என்று அவளுக்கு எங்கே தெரியும்? ஆனாலும் பெருமை தாங்கவில்லை.

எழுத்து கோணிக் கிடக்கிறதே என்று பார்க்கிறாயா? உன்னிடம் மட்டும் சொல்கிறேன், உன் அத்தானுக்குக்கூட முழுசாகத் தெரியாது. வலது கை சரியில்லை. கத்தரிக்கோலில் கட்டைவிரலை நுழைத்தால், யாரோ ஒருத்தியின் விரலை இரவல் வாங்கி மாட்டிக்கொண்ட மாதிரி இருக்கிறது. என் கையில்தான் இருக்கிறது, என் பேச்சைக் கேட்பதில்லை. விடிகிற நேரத்தில் மணிக்கட்டு எரிந்து எழுப்பிவிடும். இவருக்குத் தெரியக்கூடாதென்று குளியலறையில் போய் ஒளிந்துகொண்டு கையை உதறுவேன். போன வாரம் மூன்று தடவை சீப்பு நழுவிவிட்டது. ஏதோ சிரித்து மழுப்பினேன்.

டாக்டரிடம் காட்டினேன். மணிக்கட்டில் நரம்பு நசுங்குகிறதாம். சின்ன அறுவைதான், அரை மணி நேரம், மார்ச் 14க்கு நாள் கொடுத்திருக்கிறார். தள்ளிப்போட்டால் விரலின் சதை கரைந்துவிடும் என்று மிரட்டினார். எனக்குக் கத்தியென்றாலே குலை நடுக்கம். தினமும் கத்தரியோடு குடித்தனம் நடத்துகிறவள் இப்படிச் சொல்கிறாளே என்று சிரிக்காதே. கை போனால் எனக்கு வேறு என்னடி இருக்கிறது?

உன் முதல் எழுத்து அச்சில் வந்ததும் எனக்கு அனுப்பு. கடைக் கண்ணாடியில் ஒட்டி வைக்கிறேன்.

உன் நினைவாகவே இருக்கும்,
அக்கா


பிப்ரவரி 12

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று ஆரம்பிக்கப் பார்த்தேன். பாதி பொய். உடம்பு நலம், மனசு குமட்டுகிறது.

அச்சில் வந்ததை அனுப்பச் சொன்னாய். கழிவறை கழுவும் திரவப் புட்டியின் முதுகில் அச்சாகியிருக்கிறது, அனுப்பவா? "உங்கள் குடும்பத்தின் புன்னகை இங்கிருந்தே தொடங்குகிறது." நான் எழுதியதுதான். கக்கூஸிலிருந்து தொடங்குகிறதாம் புன்னகை! அதற்குப் பிறகு கரப்பான் மருந்து, வாய் நாற்றம், கால் வெடிப்பு, மூலம். மனிதனுக்கு எங்கெல்லாம் அருவருப்போ அங்கெல்லாம் என்னைத்தான் அனுப்புகிறார்கள். எழுதி முடித்துவிட்டு, குழாயடியில் நின்று சோப்புப் போட்டுக் கை கழுவுகிறேன். மையே படாத கை.

எனக்கு மேலே ஒருவர் இருக்கிறார். அவருக்கு "சின்ன கரெக்‌ஷன்" என்று பெயர் வைத்திருக்கிறேன். எதைக் கொடுத்தாலும் உதட்டை நக்கிக்கொண்டு, "சின்ன கரெக்‌ஷன், மேடம்" என்பார். கடைசியில் என்னுடையது என்று மிஞ்சுவது முற்றுப்புள்ளிகள்தான். "இரண்டு பிள்ளைகளுக்குத் தாய்" என்று எழுதியிருந்தேன். "ஒரு பிள்ளையப் படுக்கையில போட்டுடலாமா மேடம்? சின்ன கரெக்‌ஷன்தான்" என்கிறார், ஏதோ மேசையை நகர்த்தச் சொல்கிற மாதிரி.

போன வாரம் முப்பது நன்றிக் கடிதங்கள் கேட்டார்கள். எதற்கு என்று கேட்காதே, சொல்லக் கூசுகிறது. பயன் பெற்றவர்களே மனம் உருகி எழுதுவது போல இருக்க வேண்டுமாம். "நிஜமா யாருக்காவது பயன்பட்டிருந்தா அவங்ககிட்ட பேசிட்டு எழுதறேனே" என்றேன். "அவங்களத் தேடினா லேட்டாயிடும் மேடம்" என்றார். முப்பதையும் நானே பெற்றுப் போட்டேன். இருபத்தொன்பது சக்கை. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? ஒன்று மட்டும் நன்றாக வந்துவிட்டது. சின்ன கரெக்‌ஷன் அதை எழுந்து நின்று எல்லோருக்கும் வாசித்துக் காட்டினார். வரவேற்பில் இருக்கும் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஒரு திருத்தமும் இல்லாமல் போன என் முதல் எழுத்து அது. வெட்கக்கேடு, அக்கா, எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

நாவல் நாலாம் பக்கத்தில் நிற்கிறது. மார்ச் 14க்கு நான் வந்து உன் பக்கத்தில் இருப்பேன்.

அதுவரை கையைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்.

தங்கை


பிப்ரவரி 27

என் அருமைக் கிறுக்கிக்கு,

நாங்கள் நலம். நீ குமட்டல் குமட்டல் என்று எழுதியதைப் படித்துவிட்டு உன் அத்தான் எலுமிச்சம்பழம் முகர்ந்து பார்க்கச் சொன்னார். வேன் ஓட்டுகிறவருக்கு எல்லாக் குமட்டலும் ஒரே குமட்டல்தான்.

மார்ச்சில் நீ வர வேண்டாம். அறுவை இல்லை, வேண்டாமென்று சொல்லிவிட்டேன். வேறு வழி கிடைத்துவிட்டது.

கடைக்கு வந்த ஒருத்தி ஒரு காகிதத்தை விட்டுவிட்டுப் போனாள். நரம்பு வைத்தியசாலை, ஊருக்கு ஊர் கிளை, இங்கேயும் இருக்கிறது. கத்தியே இல்லை. சூட்டுப் பொடி வைத்து மணிக்கட்டை இறுக்கிக் கட்டுகிறார்கள், ஆறு மாதம். குப்பையில் போடத்தான் எடுத்தேன். அதில் ஒரு தையல்காரியின் கடிதம் இருந்தது. எழுதுகிறேன், கேள்: "ஊசியைப் பிடித்தால் கட்டைவிரல் இரவல் வாங்கியது போல் இருக்கும். விடியுமுன் குளியலறையில் ஒளிந்து நின்று கையை உதறுவேன், வீட்டில் யாருக்கும் தெரியக்கூடாதென்று."

நின்ற இடத்திலேயே அழுதுவிட்டேன். உலகத்தில் எனக்கு மட்டும்தான் இப்படி என்று இருந்தேன். முகம் தெரியாத ஒருத்தி என் கைக்குள் புகுந்து பார்த்துவிட்டு வந்து எழுதியிருக்கிறாள். அந்த டாக்டர் என்னோடு பேசியது நாலு நிமிஷம். பட்டவளுக்குத்தானே தெரியும்! மறுநாளே போய்க் கட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

கோபித்துக்கொள்ளாதே, எழுதினால் இப்படி எழுத வேண்டுமடி. உனக்கும் ஒரு நாள் வரும்.

நம்பிக்கையோடு இருக்கும்,
அக்கா


மார்ச் 5

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உன் கடிதம் இப்போதுதான் வந்தது, நின்றபடியே எழுதுகிறேன். அந்தக் கட்டை அவிழ்த்துப் போட்டுவிட்டு டாக்டரிடம் போ. அதே தேதியைக் கெஞ்சியாவது திரும்ப வாங்கு.

அந்தக் காகிதத்தில் இருக்கும் எதையும் நம்பாதே. இந்த மாதிரிக் காகிதங்கள் எப்படித் தயாராகின்றன என்று தினமும் பார்க்கிறேன். அதில் நன்றி சொல்கிற யாரும் உயிரோடு இருப்பதில்லை, பிறந்ததே இல்லை. யாரோ கூலிக்கு எழுதுவது. உன் தையல்காரியும் அப்படித்தான் இருப்பாள். என்ன ஆதாரம் என்று கேட்காதே, எனக்குத் தெரியும்.

நாலு தாள் கிழித்துப் போட்டுவிட்டு ஐந்தாவதில் இதை எழுதுகிறேன். எதையெதையோ எழுதுகிறவளுக்கு இன்றைக்கு ஒரு வரி ஓடவில்லை. நான் உன்னிடம் எப்போதாவது இப்படிக் கெஞ்சியிருக்கிறேனா? போ, அக்கா.

தங்கை


மார்ச் 18

கிறுக்கிக்கு,

நலம். நீயும் நலமாக இருக்க வேண்டும், முக்கியமாக மூளை.

உன் கடிதம் எனக்குப் பிடிக்கவில்லை. காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள். இரண்டு மாசம் பொய் எழுதினதில் உனக்கு ஊரே பொய்யாகத் தெரிகிறது. இருக்கிற ஒருத்தியைப் பிறக்கவே இல்லை என்கிறாயே, எப்படியடி நாக்கு வந்தது? நீ பிழைக்க எழுதுகிறாய், அவள் பட்டு எழுதியிருக்கிறாள். வித்தியாசம் தெரியாதவளா நான்?

எங்கள் கடையில் நகச்சாயம் பூசுகிற பெண்ணுக்கும் முழங்கை வலி. அவளையும் போன வாரம் கூட்டிக்கொண்டு போய்ச் சேர்த்துவிட்டேன்.

உள்ளங்கையில் கட்டைவிரல் பக்கம் கொஞ்சம் பள்ளம் விழுந்திருக்கிறது. கெட்ட நீர் வற்றுகிறது, நல்லதுதான் என்று கட்டுப் போடுகிறவர் சொன்னார்.

இனி உன்னிடம் இதைப் பற்றிப் பேசுவதாக இல்லை. அந்தத் தையல்காரிக்கே எழுதிக் கேட்டுக்கொள்கிறேன்.

அக்கா


மார்ச் 18
வைத்தியசாலை விலாசத்துக்கு

முகம் தெரியாத சகோதரிக்கு,

வணக்கம். நீங்கள் குணமாகிவிட்டீர்கள் என்று காகிதத்தில் படித்தேன், அப்படியே நீடிக்க வேண்டும். நான் முடி வெட்டுகிறவள். உங்களைப் போலவே கட்டைவிரலை நம்பிப் பிழைக்கிறவள்.

கட்டத் தொடங்கி எத்தனை வாரத்தில் உங்கள் விரல் உங்களிடம் திரும்பி வந்தது? எனக்கு நாலாவது வாரம். சட்டைப் பொத்தான் போட முடியவில்லை. போட்டுவிட எனக்குப் பிள்ளைகளும் இல்லை. உங்களுக்கும் முதலில் இப்படி மோசமாகித்தான் பிறகு சரியானதா? உண்மையைச் சொல்லுங்கள், பயப்பட மாட்டேன்.

எனக்கு ஒரு தங்கை இருக்கிறாள், எழுதுகிறவள். நீங்கள் இல்லவே இல்லை என்று சண்டை போடுகிறாள். அவளை வேலையை விட்டுவிட்டு எழுதச் சொன்னவளே நான்தான். இப்போது ஏதோ கஷ்டப்படுகிறாள், என்னவென்று சொல்ல மாட்டேன் என்கிறாள். என் கையைப் பற்றிச் சொன்னால் பதறுவாள், அவளுக்கு எழுத்து ஓடாது. அதனால்தான் உங்களைத் தொந்தரவு செய்கிறேன்.

ஒரு வரி எழுதினால் போதும்.

முடிவெட்டும் சகோதரி


(அந்தக் கடிதத்தோடு குண்டூசியில் குத்தி வந்த துண்டுச்சீட்டு)

மேடம், இது வைத்தியசாலைலேருந்து வந்திருக்கு. நம்ம தையல்காரி கேரக்டருக்கு யாரோ நிஜமாவே லெட்டர் போட்டிருக்காங்க! சூப்பர். தையல்காரி எழுதற மாதிரியே ஒரு பதில் போட்டுடுங்க. "தொடர்ந்து கட்டுங்க, குணமாகும்"னு முடியணும். மத்ததெல்லாம் உங்க இஷ்டம், கரெக்‌ஷனே கிடையாது.


ஏப்ரல் 2

அன்புச் சகோதரிக்கு,

வணக்கம். தட்டச்சில் எழுதுவதற்கு மன்னிக்க வேண்டும், காரணம் உங்களுக்குத் தெரியும்.

உண்மையைச் சொல்லச் சொன்னீர்கள். என் விரல் திரும்பி வரவில்லை. குணமானதாக எழுதித் தரச் சொன்னார்கள், எழுதினேன். அது நான் செய்த பாவம். பொத்தான் போட முடியாமல் போவது குணமாகிற அறிகுறி இல்லை. கட்டை இன்றைக்கே அவிழ்த்துவிட்டு டாக்டரிடம் போங்கள். கத்திக்குப் பயப்படாதீர்கள். நான் பயந்தேன், கெட்டேன்.

உங்கள் தங்கை சொன்னதை நீங்கள் கேட்டிருக்கலாம். நல்லவள்தான் போலிருக்கிறது.

பதில் எழுதுவதாக இருந்தால் வைத்தியசாலைக்கு எழுதாதீர்கள். கீழே உள்ள அஞ்சல் பெட்டி எண்ணுக்கு எழுதுங்கள்.

தையல்காரி


ஏப்ரல் 28

அன்புத் தோழிக்கு,

அப்படிக் கூப்பிடலாமல்லவா? நீங்கள் சுகமா? மூன்று நாளாக இடது கையால் இதை எழுதுகிறேன், எழுத்து ஒன்றாம் வகுப்புப் பிள்ளை எழுத்து.

உங்கள் கடிதம் கிடைத்த மறுநாளே டாக்டரிடம் போனேன். அறுவை முடிந்து பத்து நாள் ஆகிறது. எரிச்சல் நின்றுவிட்டது. ஆனால் சதை கரைந்தது கரைந்ததுதானாம். இறுக்கிக் கட்டியதில் நரம்பு இன்னும் நசுங்கிப் போயிருக்கிறது. விரலுக்குப் பழைய பலம் வராது என்று சொல்லிவிட்டார். இனி கத்தரி பிடிக்க முடியாது. வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டேன், யாரை நோக?

முதலாளியம்மா நல்லவள், துரத்தவில்லை. தரையில் விழுகிற முடியைக் கூட்டவும் துண்டு மடிக்கவும் வைத்திருக்கிறாள். இருபத்திரண்டு வருஷமாக நான் வெட்டிய தலைகள் வந்து உட்காருகின்றன, வேறொருத்தி வெட்டுகிறாள், நான் கூட்டுகிறேன். முதல் நாள் ஒருத்தி, "என்னக்கா, துடைப்பத்துக்குப் புரமோஷனா?" என்று கேட்டாள். விளையாட்டாகத்தான் கேட்டாள். துண்டு உலர்த்துகிற இடத்தில் போய் நின்று அழுதேன். வீட்டில் இவரிடம்கூடச் சொல்லவில்லை.

தங்கைக்கும் தெரிய வேண்டாம். அவள் சொன்னதைத் தட்டிவிட்டுப் போனவள் எந்த முகத்தோடு போய்ச் சொல்வது? உங்களிடம் சொன்னால் கேவலமாக இல்லை. உங்களுக்கும் போனதுதானே! கூடப்பிறந்தவளிடம் சொல்ல முடியாததை உங்களிடம் சொல்ல முடிகிறது. அதற்காகவாவது அந்தக் காகிதம் என் கையில் அகப்பட்டது நல்லதென்று நினைத்துக்கொள்கிறேன்.

உங்கள் ஊர் எது? ஒரு தடவை வந்து பார்க்க ஆசை. இரண்டு ஒற்றைக் கைக்காரிகள் சேர்ந்தால் ஒரு டீ போட்டுவிட மாட்டோமா?

உங்கள் பதிலை எதிர்பார்த்திருக்கும்,
முடிவெட்டும் சகோதரி


ஏப்ரல் 28

என் அருமைக் கிறுக்கிக்கு,

நலம். நீ சொன்னபடியே அறுவை செய்துகொண்டேன், வலி போயே போச்சு. கட்டுப் போட்டிருப்பதால் எழுத்து கோணுகிறது. கடைக்குப் போய்வருகிறேன், எல்லாம் பழையபடிதான். நாவல் எத்தனாவது பக்கம்?

அக்கா


மே 9

அக்கா,

நலமா என்று கேட்கிற யோக்கியதை எனக்கு இல்லை. உன் கை எப்படி இருக்கிறது என்று எனக்குத் தெரியும். தையல்காரிக்கு நீ எழுதிய இரண்டு கடிதங்களும் என் மேசையில் இருக்கின்றன.

தையல்காரி என்று யாரும் இல்லை. நான்தான். அந்த முப்பது நன்றிக் கடிதங்கள் அந்த வைத்தியசாலைக்கு எழுதியவை. இருபத்தொன்பது செத்துப் பிறந்தன. "ஒண்ணுலயாவது உயிர் வேணும் மேடம்" என்றார் சின்ன கரெக்‌ஷன். உன் ஜனவரிக் கடிதம் மேசையில் கிடந்தது, எடுத்தேன். இரவல் விரலும் குளியலறையும் உன்னுடையவை. கத்தரியை ஊசியாக்கி, வலியைக் குணமாக்கி, கூலியை வாங்கினேன். ஊரார் வீட்டு நெய்யே என்று கை தாராளமாக ஓடியது. நன்றாக வந்துவிட்டதென்று சந்தோஷப்பட்டு உனக்கே எழுதினேனே, அது இதுதான். வேறு யாரோ ஒருத்தி இதைப் படித்துக் கையைத் தொலைத்திருந்தால் இன்றுவரை எனக்கு உறைத்திருக்காது. அதை நினைத்தால் என்மேல் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

மார்ச்சிலேயே சொல்லியிருக்க வேண்டும். இரண்டு தடவை ஃபோன் செய்தேன், உன் குரல் கேட்டதும் வைத்துவிட்டேன். நீ என்னை நம்பவில்லை, அவளை நம்பினாய். அதனால் அவள் வாயால் சொன்னேன். அதிலும் பார், "உங்கள் தங்கை நல்லவள்" என்று எனக்கு நானே ஒரு வரி சேர்த்துக்கொண்டேன். சேர்த்துவிட்டு, வாக்கியம் சரியாக விழுந்திருக்கிறதா என்று திரும்பவும் படித்துப் பார்த்தேன். எப்படிப்பட்ட பிறவி நான்?

அந்த நிறுவனத்துக்கு இனிப் போகமாட்டேன். முப்பது கடிதமும் பொய், எழுதியது நான் என்று சுகாதார அலுவலகத்துக்கு எழுதி, கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன். அந்த நகச்சாயப் பெண்ணை உடனே நிறுத்தச் சொல்.

நான் வரட்டுமா? கதவைத் திறக்காவிட்டாலும் சரி, வந்து வாசலில் நிற்கிறேன்.

தங்கை


ஜூன் 30

ஏழு வாரமாக எழுதவில்லை. நகச்சாயப் பெண்ணிடம் சொல்லி எழுத வைத்திருக்கலாம், ஆனால் இதை இன்னொருத்தி காதில் போட எனக்குக் கூசுகிறது. அவள் கட்டைத் தையல்காரியின் கடிதம் வந்த அன்றே அவிழ்க்க வைத்துவிட்டேன். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

கைக்காக உன்னைத் திட்டித் தீர்த்தேன். உன் அத்தான் காதைப் பொத்திக்கொண்டார். காகிதத்தில் அந்த வரியைப் படித்தபோதே எங்கேயோ கேட்ட மாதிரி இருந்தது, என் மனசில் இருப்பதால் அப்படி என்று நினைத்துவிட்டேன். டாக்டரை விட்டுவிட்டுக் காகிதத்தை நம்பியது நான்தான். அதில் பாதியை என் பங்காக வைத்துக்கொள். கைக்கோபம் என்றைக்காவது ஆறிவிடும்.

ஆறாதது வேறு. எனக்கு ஒரு சிநேகிதி இருந்தாள். கடையில் முடியைக் கூட்டும்போதெல்லாம், இதை அவளுக்கு எழுத வேண்டும், இப்படி எழுத வேண்டும் என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே கூட்டுவேன். அப்போது துடைப்பம் கனக்காது. வெட்கப்படாமல் நான் பேசியது இந்த உலகத்தில் அவள் ஒருத்தியிடம்தான். உன் கடிதம் வந்த பிறகும் இரண்டு தடவை அவளுக்குச் சொல்ல எதையோ சேர்த்துவைத்தேன். அப்புறம்தான் ஞாபகம் வந்தது. நாசமாய்ப் போன ஞாபகம்.

எழுத்தை விட்டுவிடு என்று சொல்ல மாட்டேன், சொன்னாலும் நீ விடமாட்டாய். இப்போது வர வேண்டாம். வா என்று தோன்றினால் நானே எழுதுகிறேன்.

தையல்காரிக்கு நான் எழுதிய இரண்டு கடிதங்களும் உன் மேசையில் இருப்பதாகச் சொன்னாய். திருப்பி அனுப்பு. அவை உனக்கு எழுதியவை அல்ல.

அக்கா